அயர்லாந்தில் தன்பாலினத் திருமணம்: மக்கள் மனம் மாறிய வரலாறு

மக்களின் நேரடி வாக்கெடுப்பின் மூலம் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய உலகின் முதல் நாடு அயர்லாந்துக் குடியரசு. 2015 மே 22 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 62.07 விழுக்காட்டினர் அதை ஆதரித்தனர். ஆண்களுக்கிடையிலான உறவு அங்கே குற்றம் என்றிருந்த நிலை நீங்கி அப்போது 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. வழக்குகளும் சட்டங்களும் இம்மாற்றத்துக்கு வழி திறந்தன. தம் வாழ்க்கையை மறைக்காமல் ஊரார் முன் எடுத்துச் சொன்னவர்களே அதை நிறைவேற்றினர்.

பின்னணி

இந்தியாவுக்குத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் தந்த அதே பிரிட்டிஷ் ஆட்சி, 1861, 1885ஆம் ஆண்டுச் சட்டங்களால் அயர்லாந்திலும் ஆண்களின் தன்பால் உறவைத் தண்டனைக்குரியதாக்கியது. விடுதலைக்குப் பின்னும் அச்சட்டங்கள் நீடித்தன. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் கத்தோலிக்கத் திருச்சபையின் கை ஓங்கியிருந்தது. 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு, திருமணத்தின் மீது அமைந்த குடும்பத்துக்குச் சிறப்புப் பாதுகாப்பு அளித்து, மணமுறிவைத் தடை செய்தது. அத்தடையை நீக்க மக்கள் 1986இல் மறுத்தனர். 1995இல் மயிரிழை வேறுபாட்டில் ஒப்புக்கொண்டனர்.

குற்றநீக்கம்

டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆசிரியரும் ஜேம்ஸ் ஜாய்ஸ் ஆய்வாளருமான டேவிட் நாரிஸ், 1977இல் தன்பால் உறவைத் தண்டிக்கும் சட்டங்களை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன் அவருக்காக வாதாடினார். 1983இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வழக்கைத் தள்ளியது. அதே ஆண்டில், டப்ளினின் ஃபேர்வியூ பூங்காவில் தன்பாலீர்ப்பாளரான ஓர் இளைஞரை அடித்துக் கொன்றவர்கள் சிறை செல்லாமல் விடப்பட்டனர். அந்த அநீதியைப் பொறுக்காத நூற்றுக்கணக்கானோர் பூங்காவை நோக்கி ஊர்வலம் சென்றனர். அதுவரை ஒளிந்து வாழ்ந்த ஒரு சமூகம் பகலில் முகம் காட்டிய நாள் அது. 1988இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நாரிஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1993இல் குற்றநீக்கச் சட்டம் நிறைவேறியது.

திருமண உரிமைக் கோரிக்கை

கனடாவில் 2003இல் மணந்துகொண்ட கேத்தரின் ஸப்போன், ஆன் லூயிஸ் கில்லிகன் இணையர், வரி விதிப்பில் தங்களைத் தம்பதியாக ஏற்கக் கோரித் தொடுத்த வழக்கு 2006இல் தோற்றது. ஆயினும் அது கோரிக்கையைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுசெய்த இணைவாழ்வை ஏற்றது. எனினும் குழந்தைகள் தொடர்பான உரிமைகளும் அரசியலமைப்புப் பாதுகாப்பும் திருமணத்துக்கே உரியவையாக இருந்தன. குடிமக்கள் 66 பேரும் அரசியலர் 33 பேரும் ஒரு தலைவரும் கொண்ட அரசியலமைப்பு மாநாடு 2013இல் கூடி விவாதித்தது. அதில் 79 விழுக்காட்டினர் திருமண உரிமையை ஆதரித்தனர்.

2015 பொதுவாக்கெடுப்பு

மாநாட்டின் ஆதரவைத் தொடர்ந்து கேள்வி மக்கள் முன் வந்தது. 2015 ஜனவரியில் அமைச்சர் லியோ வரத்கர் தாம் தன்பாலீர்ப்பாளர் என்று வானொலியில் அறிவித்தார். மே மாதத்தில் மூத்த தொலைக்காட்சிச் செய்தியாளர் அர்சுலா ஹாலிகன், பல பத்தாண்டுகள் மூடி வைத்திருந்த உண்மையை நாளிதழில் எழுதினார். கத்தோலிக்கரான முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மக்காலீஸ், தன்பாலீர்ப்பாளரான மகனின் தாயாகப் பேசினார். ஆதரவாளர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டித் தங்கள் கதையைச் சொன்னார்கள். கொள்கையாகக் கேட்டபோது தயங்கியவர்கள், அண்டை வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையாகக் கேட்டபோது இளகினார்கள். குழந்தைக்குத் தாயும் தந்தையும் வேண்டும் என்பது ஆயர்களும் எதிர்த்தரப்பினரும் முன்வைத்த முதன்மை வாதம். புலம்பெயர்ந்தோர் பெரும்பாலோருக்கு அஞ்சல் வாக்கு இல்லை. இளைஞர்கள் பலர் கப்பலிலும் விமானத்திலும் ஊர் திரும்பி வாக்களித்தனர்.

12 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்தனர், ஏறத்தாழ 7.3 லட்சம் பேர் எதிர்த்தனர். 43 தொகுதிகளில் ராஸ்காமன்–தெற்கு லீட்ரிம் மட்டுமே மறுத்தது. இளையோரின் வாழ்விலிருந்து திருச்சபை விலகிப் போய்விட்டதா என்று தன்னையே சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டப்ளின் பேராயர் டயர்மிட் மார்ட்டின்.

பின்விளைவுகள்

திருமணச் சட்டம் 2015 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. மும்பையிலிருந்து குடியேறிய மருத்துவரின் மகனான வரத்கர் 2017இல் பிரதமரானார். ஐக்கிய இராச்சியத்தின் பகுதியான வட அயர்லாந்தில், லண்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 2020இல் இவ்வுரிமை வந்தது. அங்கே சட்டம் மேலிருந்து வந்தது. தெற்கிலோ மக்களே எழுதினர். 1983இல் கொலைக்கு நீதி கேட்டு நடந்தவர்களில் பலர், 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கள் அண்டை வீட்டார் கையெழுத்திட்ட நீதியைக் கண்ணால் கண்டனர்.