சுவராகிப்போன காம்பவுண்டு

‘ராத்திரி யாரோ காம்பவுண்டு ஏறிக் குதிச்சிருக்கான்’ என்றால் நம் கண்ணுக்குச் சுவர்தான் தெரிகிறது. ‘காம்பவுண்டுச் சுவர்’ என்று முழுசாகச் சொல்லப் பொறுமையில்லாமல் பின்பாதியை உதிர்த்துவிட்டோம். மிச்சமிருந்த காம்பவுண்டே சுவராகிவிட்டது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சுவர் என்ற பொருளே கிடையாது. வீட்டைச் சுற்றி அடைத்த மனை, வளாகம், அவ்வளவுதான்.

ஆங்கிலத்துக்கும் அது இரவல் சொல். மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர் லத்தீன் வழி வந்தவர். எழுத்து ஒன்றுபோல் இருந்தாலும் அவருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது மலாய் மொழியின் ‘கம்போங்’. ஊர், குடியிருப்பு, அடைப்புக்குள் இருக்கும் வீடுகள் என்றெல்லாம் அங்கே பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஜாவா, மலாக்கா பக்கம் வியாபாரத்துக்குப் போன ஐரோப்பியர் வாயில் நுழைந்து, திரிந்து, கப்பலேறி மதராசுக்கும் வங்காளத்துக்கும் வந்து சேர்ந்தது. ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, போர்த்துக்கீசிய மூலம் சொல்கிறவர்களின் வாதத்தையும் எடுத்து அலசிவிட்டு மலாய்ப் பக்கமே சாய்கிறது.

மலேசியத் தமிழர்கள் இதே சொல்லை ஆங்கிலத்தின் தயவில்லாமல் நேராகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பேச்சில் அது கம்பம். நாம் நாட்டுக்கோழி என்பது அங்கே கம்பத்துக் கோழி. ஆக, ஒரே சொல் தமிழுக்குள் இரண்டு வாசல் வழியாக வந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மரபான மலாய்க் கம்பத்தில் வீட்டுக்கு வீடு மதில் எழுப்பும் பழக்கம் பெரும்பாலும் இல்லை. தென்னை, வாழை, செடிகொடிகளே எல்லை காட்டும்.

அகராதிக்காரர் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவரே. அந்த ஊரில் நிலத்தைப் பற்றிப் பேசினாலே வேலி என்ற சொல் வந்துவிடும். ‘அவருக்கு அஞ்சு வேலி நிலம்’ என்றால் முள்ளும் படலும் அல்ல. 20 மா சேர்ந்தது ஒரு வேலி. மாவுக்கு 100 குழி, குழிக்கு 12 அடிச் சதுரம் என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 6.6 ஏக்கர். ராஜராஜன் காலத்துப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே நிலம் வேலிக் கணக்கில்தான் அளக்கப்படுகிறது, அதுவும் நம்ப முடியாத நுண்பின்னம் வரைக்கும். அடைப்பைக் குறித்த சொல் அடைபட்ட நிலத்துக்குப் பெயராகிவிட்டது. காம்பவுண்டு போனதோ இதற்கு நேர் எதிர்த் திசையில்: நிலம் நழுவி, அடைப்பு மட்டும் நின்றது.

எல்லா ஊரிலும் அப்படி நழுவிவிடவில்லை. மதுரைக்காரரிடம் ‘காம்பவுண்டு வீடு’ என்றால் பொது வாசலுக்குள் வரிசையாக நாலைந்து ஒண்டுக்குடித்தனம், நடுவில் ஒரு குழாயடி. அங்கே இன்னும் கம்போங்கின் வாசனை இருக்கிறது. திருநெல்வேலியில் இதற்கு வளவு என்று பெயர். யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வீடும் கிணறும் மரமும் சேர்ந்த மனை. கையில் இருந்த சொல் இது. காம்பவுண்டுக்கு ஏன் இடம் விட்டது என்றுதான் புரியவில்லை.

சென்னையில் நடந்ததை ஊகிக்கலாம். வெள்ளைக்காரர் தோட்ட வீடுகளில் காம்பவுண்டு என்றால் மாமரமும் லாயமும் கொள்கிற பரப்பு. இன்று மனை விலை பேசுவது 2,400 சதுர அடிக் கிரவுண்டில், பல சமயம் அதில் பாதியில். வீடு போக மிஞ்சுவது ஸ்கூட்டர் நிறுத்தும் இடம். அதற்கொரு பெயர் எதற்கு? சுவருக்குத்தான் பெயர் தேவைப்பட்டது.

அந்தச் சுவருக்கு நம் ஊரில் விதிகள் உண்டு. ஒரே புத்தகத்தில் இல்லை என்பதுதான் தொல்லை. முதல் விதி நிலஅளவைக் கல்லில் தொடங்குகிறது. 1923ஆம் ஆண்டு நிலஅளவை, எல்லைச் சட்டப்படி அந்தக் கல்லைப் பேணுவது நில உடைமையாளரின் கடமை. கல்லுக்குக் கல் நூல் பிடித்துத்தான் கொத்தனார் வானம் தோண்டுவார். இங்கேதான் சண்டை மூளும். அஸ்திவாரம் சுவரைவிட அகலம். சுவரின் வெளிமுகத்தை நூலோடு ஒட்டி நிறுத்தினால் அடிப்பாகம் பக்கத்து மனைக்குள் போய்விடும். சுவரை உள்ளே தள்ள மனசு வராமல் அஸ்திவாரத்தை ஒருபக்கமாகப் போட்டால், நாலு மழையில் சுவர் சாயப் பார்க்கும். தெருப்பக்கம் கண்டிப்பு இன்னும் அதிகம்: தெருவில் சுவரோ வேலியோ வைக்கக் கூடாது என்று 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமே தடுத்தது. இரண்டு தெரு கூடும் முக்கில் மனையின் மூலையைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும் என்பது கட்டட விதி.

புறநகரில் வேறொரு கூத்து. ரோட்டை ஏற்ற ஏற்ற, புது வீடு கட்டுகிறவர் கிராவல் கொட்டி மனையை மூன்றடி மேடாக்குகிறார். நாலரை அங்குலத்தில் தன் எடையை மட்டும் தாங்க எழுப்பிய பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு, ஒரே நாளில் தாங்குசுவர் வேலைக்கு வந்துவிடுகிறது. மண்ணைத் தாங்கும் சுவருக்கு அடி அகலம் வேண்டும், தேங்கும் தண்ணீர் வெளியேற இடையிடையே பைப் விட வேண்டும்; இதில் இரண்டும் இல்லை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் (‘ஈஸ்மெண்ட் ஆக்ட்’ என்றால்தான் வக்கீல்களுக்கே புரியும்) அண்டை நிலத்தின் தாங்குதலை இயற்கை உரிமையாக ஏற்கிறது. ஆனால் நிலம் இயற்கையாக இருந்த நிலையில் மட்டும். லாரியில் வந்த மண்ணுக்கு அந்த உரிமை இல்லை. அதைத் தாங்கச் சுவர் கட்ட வேண்டியவர் கொட்டியவர்தான்.

பழைய நகராட்சிச் சட்டத்தின் வரையறையில், குறிப்பிட்ட உயரத்துக்கு உட்பட்ட எல்லைச் சுவர் கட்டடக் கணக்கிலேயே வராது. அதைத் தாண்டி எழும்பிய சுவரை யார் அளந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நாடூரில் ஏறத்தாழ 20 அடி உயரக் கற்சுவர் ஒன்று கனமழையில் அடுத்திருந்த வீடுகள் மேல் சரிந்து, தலித் மக்கள் 17 பேர் இறந்தார்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பை ஒதுக்கி நின்ற சுவரில் அரசு வழி திறந்தது 2008 மே 6இல். அப்படிப்பட்ட சுவர்களுக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் தீண்டாமைச் சுவர். அதற்கு மலாயிலிருந்தோ இங்கிலீஷிலிருந்தோ சொல் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.