ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள்

ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களில் ஒரு குடும்பம். இதன் தாய் உறுப்பான ஆல்பா லினோலெனிக் அமிலத்தை மனித உடலால் உருவாக்கிக்கொள்ள முடியாது. உணவின் வழியாகவே அது வந்தாக வேண்டும். உயிரணுச் சவ்வுகளிலும் மூளையிலும் விழித்திரையிலும் இந்த அமிலங்களுக்கு முக்கிய இடம் உண்டு. ஆயினும் உலகெங்கும் இவற்றின் பெயர் பரவியதற்குக் காரணம் இதயம்தான். இன்று மருந்துக் கடைகளில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரைகளில் பெரும்பாலானவை இதயத்தின் பெயரைச் சொல்லியே விற்கின்றன.

அமைப்பும் வகையும்

கொழுப்பு அமிலம் கரி அணுக்களால் ஆன நீண்ட சங்கிலி. அதன் ஒரு முனையில் அமிலத் தொகுதியும் மறுமுனையில் மெத்தில் தொகுதியும் இருக்கும். மெத்தில் முனையிலிருந்து எண்ணிக்கொண்டு வரும்போது முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாம் கரி அணுவில் தொடங்கினால் அது ஒமேகா-3. ஆறாம் அணுவில் தொடங்கினால் ஒமேகா-6. இவ்வாறு கடைசி முனையிலிருந்து எண்ணிப் பெயரிடும் முறையை 1960-களில் நிலைபெறச் செய்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ரால்ஃப் ஹோல்மன்.

உணவில் முக்கியமானவை மூன்று. 18 கரி அணுக்களும் 3 இரட்டைப் பிணைப்புகளும் உடைய ஆல்பா லினோலெனிக் அமிலம் தாவரங்களில் கிடைக்கிறது. ஆளி விதை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி இதுவே. அக்ரூட் பருப்பு, கடுகு எண்ணெய், சோயா எண்ணெய் ஆகியவற்றிலும் உண்டு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் இது மிகமிகக் குறைவு. 20 கரி அணுக்களும் 5 பிணைப்புகளும் உள்ளது ஐக்கோசாபென்டாயினாயிக் அமிலம் (இ.பி.ஏ.). 22 கரி அணுக்களும் 6 பிணைப்புகளும் உள்ளது டோக்கோசாஹெக்சாயினாயிக் அமிலம் (டி.எச்.ஏ.). இவை இரண்டும் கொழுப்பு மிகுந்த கடல் மீன்களில் நிறைய உண்டு. தாவர அமிலத்தை உடல் இவ்விரண்டாகவும் மாற்றிக்கொள்ளும் என்றாலும், மாறும் பங்கு சிறிது, டி.எச்.ஏ. வரை சென்று சேர்வது அதிலும் சிறிது.

மீன்களும் இவற்றைப் பெரும்பாலும் தாமே ஆக்கிக்கொள்வதில்லை. கடலின் நுண்பாசிகள் ஆக்குகின்றன. அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் வழியாகச் சிறு மீன்களுக்கும், பின் பெரிய மீன்களுக்கும் சீல்களுக்கும் சென்று சேர்கின்றன.

எலியின் வாலில் தொடங்கிய வரலாறு

கொழுப்பு வெறும் எரிபொருள் என்றே 1920-களின் இறுதி வரை கருதப்பட்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் கொழுப்பை அறவே நீக்கிய உணவில் எலிகளை வளர்த்தனர். எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் கெட்டது, கடைசியில் அவை மாண்டன. சிறிதளவு கொழுப்பைச் சேர்த்ததும் நோய் நீங்கியது. 1929-இல் இதை வெளியிட்ட அவர்கள், அடுத்த சில ஆண்டுகளில் லினோலெயிக், லினோலெனிக் அமிலங்களே அந்த இன்றியமையாப் பொருள்கள் என்று காட்டினர். மேலே சொன்ன ஹோல்மன் இந்த ஜார்ஜ் பரின் மாணவர். ஒமேகா-3 குறைவு மனிதரிடம் எவ்வாறு வெளிப்படும் என்பதை 1982-இல் விவரித்தவரும் அவரே. துப்பாக்கிக் குண்டு வயிற்றில் பாய்ந்து, நரம்பு வழியே மட்டும் ஊட்டம் பெற்றுவந்த ஆறு வயதுச் சிறுமிக்கு மரத்துப்போதல், தளர்ச்சி, பார்வை மங்கல் ஆகியவை தோன்றின. ஊட்டத்திலிருந்த குசும்பா எண்ணெயை மாற்றிச் சோயா எண்ணெய் கொடுத்ததும் அவை மறைந்தன.

இதயத்தோடு இந்த அமிலங்களை முதலில் துணிந்து இணைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் ஹியூ சின்க்ளேர். இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களின் குறைவே தமனி நோய்க்கு அடிப்படை என்று 1956-இல் 'லான்செட்' இதழுக்கு அவர் நீண்ட கடிதம் எழுதினார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

கிரீன்லாந்துப் பயணம்

டென்மார்க்கின் ஆல்போர்க் நகர மருத்துவர்கள் ஹான்ஸ் ஓலாஃப் பாங், ஜோர்ன் டைர்பெர்க் இருவரும் 1970-இல் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள உம்மன்னாக் வட்டாரத்துக்குச் சென்றனர். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வெகு வடக்கே அமைந்த பகுதி அது. சீல், திமிங்கிலம், மீன் ஆகியவற்றின் கொழுப்பை நாள்தோறும் உண்டும் அங்குள்ள இனுயிட் மக்களிடம் மாரடைப்பு அரிது என்று வட்டார மருத்துவ அலுவலர்களின் ஆண்டறிக்கைகள் கூறின. கொழுப்புதான் மாரடைப்புக்குக் காரணம் என்ற அன்றைய கருத்துக்கு நேர்மாறான செய்தி இது.

130 பேரிடம் அவர்கள் இரத்தம் எடுத்தனர். 1971-இல் 'லான்செட்' வெளியிட்ட முடிவுகளின்படி, டென்மார்க் மக்களைவிட இனுயிட்டுகளின் கொலஸ்டிரால் குறைவு. டிரைகிளிசரைடு அதைவிடத் தெளிவாகக் குறைவு. டென்மார்க்கில் குடியேறி அந்நாட்டு உணவை உண்ட கிரீன்லாந்தவரிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே காரணம் குருதிவழியன்று, உணவே என்று முடிவு கட்டினர். கொழுப்பு அமிலங்களைப் பிரித்தறிந்தபோது, டென்மார்க் மக்களின் இரத்தத்தில் ஏறக்குறைய இல்லாத இ.பி.ஏ. இவர்களிடம் மிகுந்திருந்தது.

அது எப்படிக் காக்கிறது என்ற கேள்விக்கு 1978-இல் வெளியான ஒரு கட்டுரை விடை தந்தது. குருதித் தட்டுகள் ஒமேகா-6 வகையைச் சேர்ந்த அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து திராம்பாக்சேன் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. அது தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து இரத்தத்தை உறையச் செய்கிறது. அந்த இடத்தை இ.பி.ஏ. பிடித்துக்கொண்டால் உண்டாகும் பொருள் வலுவற்றது. பாங், டைர்பெர்க் இருவருடன் அந்தக் கட்டுரையில் கையெழுத்திட்டவர்களுள் ஜான் வேனும் ஒருவர். அவர் 1982-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஓர் இனுயிட்டுக்குச் சிறு கீறலில் இரத்தம் நிற்கச் சராசரியாக 8 நிமிடமும் டென்மார்க்கியருக்கு 5 நிமிடமும் ஆயின என்று 1979-இல் தெரிவித்தனர். அதே ஆண்டில் சின்க்ளேர் 100 நாள் சீலும் மீனும் மட்டுமே உண்டு தம் உடலில் சோதித்தார். இரத்தம் நிற்க அவருக்கு 50 நிமிடத்துக்கும் மேல் ஆனது. எழுபது வயதை நெருங்கிய ஒருவர் செய்த இச்சோதனை போற்றத்தக்க துணிவு.

பாங்கும் டைர்பெர்க்கும் மாரடைப்பின் அளவை நேரில் ஆராயவில்லை, ஆண்டறிக்கைகளை நம்பினர் என்று 2014-இல் கனடிய இதயவியல் இதழில் வெளியான ஆய்வு குறை கூறியது. மருத்துவர் எட்டாத ஊர்களில் இறப்புக் காரணங்கள் சரியாகப் பதிவாகியிருக்க வழியில்லை. 2015-இல் 'சயன்ஸ்' இதழ் வெளியிட்ட மரபணு ஆய்வு, இனுயிட்டுகளிடம் கொழுப்பு அமிலங்களைக் கையாளும் மரபணுக்களே தனித்த மாற்றம் பெற்றுள்ளன என்று காட்டியது. குருதிவழியும் உணவும் சேர்ந்தே வேலை செய்திருக்கின்றன. எனினும் அவ்விருவர் குழாயில் அளந்தவை பிழையல்ல. இத்துறை முழுவதும் அந்தப் பயணத்திலிருந்து கிளைத்ததே.

சோதனைகள்

நெதர்லாந்தின் சூட்ஃபன் நகரில் 852 ஆண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. நாளுக்குச் சராசரி 30 கிராமாவது மீன் உண்டோரின் மாரடைப்பு இறப்பு, மீன் உண்ணாதோரைவிடப் பாதிக்கும் குறைவு. 1989-இல் வேல்ஸ் நாட்டில், மாரடைப்பிலிருந்து மீண்ட 2,033 ஆண்களில் ஒரு பகுதியினரை வாரம் இரு முறை கொழுப்பு மீன் உண்ணச் சொன்னார்கள். இரண்டு ஆண்டில் அவர்களின் இறப்பு 29 விழுக்காடு குறைந்தது. 1999-இல் இத்தாலியில் 11,324 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த சோதனையில், நாளுக்கு ஒரு கிராம் மாத்திரை திடீர் மரணத்தைக் குறைத்தது. மாத்திரை வணிகம் பெருகியது இதன் பின்னரே.

பின்வந்தவை அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. 2012-இல் 12,536 பேரிடமும், 2018-இல் 15,480 நீரிழிவு நோயாளிகளிடமும், அதே ஆண்டில் அமெரிக்காவில் 25,871 பேரிடமும் நாளுக்கு ஒரு கிராம் கொடுத்துப் பார்த்ததில் முதன்மைப் பயன் கிட்டவில்லை. இதற்குள் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் பரவியிருந்தன; அதனால் மாத்திரை செய்யவேண்டிய வேலை குறைந்துபோயிருக்கலாம். மாரடைப்புக்குப் பின் மறுதடுப்பில் ஒரு கிராம் மருந்துகளுக்குப் பயனில்லை என்று ஐரோப்பிய மருந்து முகமை முடிவு செய்தது.

மிகுந்த அளவு கொடுத்த சோதனைகள் இரண்டு. டிரைகிளிசரைடு மிகுந்த 8,179 பேருக்கு நாளுக்கு 4 கிராம் தூய இ.பி.ஏ. கொடுத்ததில் இதயக் கேடுகள் 25 விழுக்காடு குறைந்தன என்று 2018-இல் அறிவிக்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த கனிம எண்ணெய் அவர்களின் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டியதால் வேறுபாடு பெரிதாகத் தோன்றியிருக்கலாம் என்ற ஐயம் உண்டு. 2020-இல் சோள எண்ணெயுடன் ஒப்பிட்டு 13,078 பேரிடம் நடந்த சோதனை பயனின்றி இடையில் நிறுத்தப்பட்டது.

இன்றைய நிலை

டிரைகிளிசரைடைக் குறைப்பதில் ஐயமில்லை. அதற்கான மருந்தாக அமெரிக்காவில் 2004 முதல் அனுமதி உண்டு. மற்றபடி வாரம் இரு முறை மீன் உண்ணுமாறு அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைக்கிறது. மத்தி என்கிற சாளை, அயிலை என்கிற கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகிய மலிவான மீன்களே இதற்குப் போதும். விலை கூடிய மீன் தேவையில்லை. மீன் உண்ணாதோருக்குப் பாசி எண்ணெய் மாத்திரைகள் கிடைக்கின்றன. 1,000 மில்லிகிராம் என்று அச்சிட்ட சாதாரண மீன் எண்ணெய் மாத்திரையில் இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்து பெரும்பாலும் 300 மில்லிகிராமே. மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் ஏ, டி வைட்டமின்கள் மிகுதி. நாளுக்கு 4 கிராம் போன்ற மிகை அளவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு கூடுவதால், அந்த அளவை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் முன்னரே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.