பர்வாவும் துண்டும்

துபாயிலிருந்து பஹ்ரைனுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான விமானப் பயணம். சவூதியில் இருக்கும் நம்மவர்களுக்கு அது வார இறுதியில் பாலம் ஏறிப் போய்வரும் தீவு. அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. அரபுக் கரையில் முதலில் எண்ணெய் கண்டது அங்கேதான், 1932இல். இரண்டு நாள் விடுப்பில் நான் பார்க்கப் போனது அதற்கு முந்தைய செல்வத்தை.

முஹரக் நகரின் முத்துப் பாதையை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. முத்து வணிகரான சியாதி குடும்பத்தின் மஜ்லிஸில் சுண்ணச் சாந்துப் பூவேலையும் வண்ணக் கண்ணாடியும் கண்ணைப் பறிக்கின்றன. குளியாளியின் வீடும் அதே பாதையில்தான் இருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது அந்த வீட்டு வாசலில்.

கோடையில் ஏறக்குறைய நான்கு மாதம் குளிப்பு. மூக்கில் கிடுக்கி, காலில் கல், இடுப்பில் கயிறு. மிச்ச மாதங்களில் வீடு உண்பது நகுதா கொடுத்த முன்பணத்தில். நகுதா என்றால் படகுத் தலைவன். நம் சோழமண்டலக் கரையிலும் புழங்கிய சொல். கடன் தீராது, தகப்பன் செத்தால் மகன் தலையில் ஏறும். வேறு படகுக்குப் போக வேண்டுமென்றால் பாக்கி எவ்வளவு என்று நகுதா எழுதித் தரும் சீட்டு வேண்டும். அதன் பெயர் பர்வா. புதிய நகுதா அந்தப் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான்.

மலையகத்தில் பாட்டன் பாட்டியரைக் கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலங்கைத் தோட்டங்களில் இதற்குப் பெயர் 'துண்டு'. கடனைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுத்த தாள், பெரிய கங்காணியின் கையில் இருக்கும். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. தேயிலைக் கொழுந்துக்கும் முத்துச் சிப்பிக்கும் ஒரே காகிதம். இத்தனைக்கும் இரு கடல்களும் ஒன்றையொன்று அறிந்தவை: 1905இல் மன்னார்க் குளிப்புக்கு வளைகுடா அரபியரும் வந்து மூழ்கினார்கள்.

பஹ்ரைனில் 1920களின் சீர்திருத்தம் ஒவ்வொரு குளியாளிக்கும் கணக்குப் புத்தகம் கொடுத்தது, முன்பணத்துக்கு வரம்பு கட்டியது. 1932இல் முன்பணம் போதாதென்று கலகம் செய்தவர்கள் குளியாளிகளே. அறியாமை என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. குளிர்காலத்தில் அடுப்பெரிய அவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது? ஜப்பானின் வளர்ப்பு முத்து அதற்குள் விலையை உடைத்துவிட்டிருந்தது.

முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறலாம் என்று 2009இல் பஹ்ரைன் விதி செய்தது. 2011இல் ஓராண்டு அங்கேயே வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது.

மனாமாவின் தேநீர்க் கடையில் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவரிடம் பர்வா கதையைச் சொன்னேன். "அண்ணே, அவங்களுக்குக் கடன் வேலைக்குச் சேர்ந்தப்புறம். எனக்கு ஏஜெண்டுக்குக் கட்ட ஊர்லயே வட்டிக்கு வாங்கியாச்சு," என்றார். இன்னும் பதினான்கு மாதம் கட்ட வேண்டுமாம்.