சுழலாத குண்டு தேய்வதேன்?

மோட்டார் சைக்கிளில் எத்தனையோ தாங்கிகள் உண்டு. வண்டி ஓடும்போது சக்கரத்தின் நடுவிலுள்ள பால் பேரிங் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றுகிறது. எஞ்சினுக்குள் இருப்பவை ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. ஆனால் ஹேண்டில் பாரைத் தாங்கும் தாங்கியோ ஆயுள் முழுவதும் ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றுவதில்லை. இடப்புறம் கொஞ்சம், வலப்புறம் கொஞ்சம். நேர்ச்சாலையில் ஓரிரு பாகை அசைவு, அவ்வளவே. அப்படியிருந்தும், “கோன் செட் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று மெக்கானிக் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஓடாத காலுக்குச் செருப்பு தேயுமா? இந்தப் புதிருக்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

உருளும் பொருளின் உராய்வு, வழுக்கும் பொருளின் உராய்வைவிடக் குறைவு என்பது பழைய அறிவு. இத்தாலியில் நேமி ஏரியின் அடியிலிருந்து கிடைத்த முதல் நூற்றாண்டு ரோமானியக் கப்பல்களில், வெண்கலக் குண்டுகளின்மேல் சுழலும் மேடை ஒன்றின் பகுதிகள் இருந்தன. வேல்ஸ் நாட்டில் கார்மார்த்தன் நகர இரும்புத் தொழிலதிபர் பிலிப் வாகன், வண்டி அச்சுக்கான குண்டுத் தாங்கிக்கு 1794-இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் குண்டுக்கு வாழ்வு கொடுத்தது சைக்கிள்தான். மனிதக் காலே எஞ்சினாக இருக்கும் வண்டியில், உராய்வில் வீணாகும் ஒவ்வொரு துளி ஆற்றலும் தொடையில் வலியாகத் தெரியுமல்லவா? பாரிஸ் நகரத்துச் சுரிரே என்பவர் 1869-இல் சைக்கிளுக்கான குண்டுத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை 123 கிலோமீட்டர் பந்தயத்தில் வென்ற ஜேம்ஸ் மூரின் வண்டியில் இத்தகைய தாங்கிகளே இருந்தன. 1877-இல் பர்மிங்காம் நகர ஹியூஸ், தேய்மானத்துக்கு ஏற்பத் திருகி இறுக்கிக்கொள்ளும் தாங்கியை அமைத்தார். இன்று மெக்கானிக் ஸ்பானரால் கோன் செட்டை ‘டைட்’ வைக்கிறாரே, அந்த வேலையின் மூதாதை இதுவே.

ஒரு சங்கடம் எஞ்சியிருந்தது. குண்டுகள் ஒரே அளவில் இல்லாவிட்டால், பெரிய குண்டு இரண்டு மூன்றே முழுச் சுமையையும் சுமக்கும். இதைத் தீர்த்தவர் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் ஃபிஷர். 1883-இல் அவர் அமைத்த இயந்திரம், கடினமாக்கிய எஃகுக் குண்டுகளை ஒரே அளவில், மொத்தமாக அரைத்துத் தந்தது. பின்னாளில் அந்நகரம் பேரிங் தொழிலின் கோட்டையாயிற்று. எவ்வளவு பெரிய கோட்டை என்றால், 1943 அக்டோபர் 14 அன்று அதைக் குண்டுவீசி அழிக்கச் சென்ற அமெரிக்க விமானங்களில் 60 வீழ்ந்தன. பால்ரஸ் குண்டுக்காக நடந்த போர் என்றே அதைச் சொல்லலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். குண்டு தட்டையான பரப்பை ஒரே புள்ளியில் தொடுகிறது என்று வடிவியல் கூறும். புள்ளிக்குப் பரப்பு இல்லை. அப்படியானால் அழுத்தம் எல்லையற்றதாக வேண்டுமே! 23 வயது ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இதற்கு 1881-இல் விடை கண்டார் (வானொலி அலைகளைப் பின்னர் நிறுவியவரும் இவரே). சுமை ஏறும்போது குண்டும் பரப்பும் சற்றே நசுங்கி, சிறு வட்டமான தொடுபரப்பு உண்டாகிறது. சுமை எட்டு மடங்கானால்தான் அழுத்தம் இரு மடங்காகும். ஆறுதலான செய்திதான். எனினும் தொடுபரப்பு மிகச் சிறியதாகையால் அங்குள்ள அழுத்தம் மிகப் பெரிது. அளவு மீறினால் எஃகில் நிரந்தரக் குழி விழும். ஸ்வீடன் நாட்டுப் பிரினெல், எஃகுக் குண்டை உலோகத்தில் அழுத்தி, விழும் குழியைக் கொண்டே கடினத்தன்மையை அளக்கும் முறையை 1900-இல் வெளியிட்டார். தாங்கியில் விழும் பள்ளத்துக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

கோன் செட்டில் விழும் பள்ளமும் சாலைக்குழிகளின் அடியால் வந்ததே என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மை. மறுபாதி 1930-களில் அமெரிக்காவில் தெரிய வந்தது. ரயிலில் ஏற்றி நெடுந்தூரம் அனுப்பிய புதிய கார்களின் சக்கரத் தாங்கிகளில், ஒரு கிலோமீட்டர்கூட ஓடுமுன்னரே பள்ளங்கள் காணப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் ஆல்மன் 1937-இல் இதை விளக்கினார். தாங்கி சுழன்றால் குண்டு கிரீஸைத் தன்னோடு இழுத்துப் பூசிக்கொள்கிறது. சுழலாமல் அதிர மட்டும் செய்தால், தொடும் இடத்திலுள்ள கிரீஸ் பிதுங்கி வெளியேறுகிறது, திரும்பி வருவதில்லை. உலோகம் உலோகத்தோடு உரசி, நுண்துகள்கள் பெயர்ந்து, செம்பழுப்புத் துருப்பொடி ஆகின்றன. அந்தப் பொடியே அரைத்துப் பள்ளம் பறிக்கிறது.

நம் ஹேண்டில் பாருக்கு நேர்வது இதுவேதான். திருப்பும் கோணத்தில் ஏறத்தாழப் பாதி அளவே குண்டு நகரும். நேர்ச்சாலையில் இரண்டு பாகை அசைத்தால் குண்டு ஒரு பாகைதான் உருளும். அந்த ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் அதிர்கிறது. வண்டியின் எடையும் சாலையின் அடியும் கீழ்க் கப்பில் இறங்குவதால், பழுதும் முதலில் அங்கேதான். 1955 முதல் சென்னையில் உருவான புல்லட் வண்டிகளில் இருந்தது கப்பும் கோனும், இடையே உதிரிக் குண்டுகளும். டிம்கன் 1898-இல் காப்புரிமை பெற்ற கூம்புருளைத் தாங்கி, புள்ளிக்குப் பதில் கோட்டில் தொடுவதால் சுமையைப் பரப்பிக்கொள்ளும். பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் அது இடம் பிடித்தது. ஆனால் கிரீஸ் வற்றினால் உருளைக்கும் அதே கதிதான்.

கிரீஸ் என்பது, எண்ணெயைச் சோப்பு ஒன்று பஞ்சுபோலப் பிடித்து வைத்திருக்கும் கலவை. சுண்ணாம்புச் சோப்புக் கிரீஸ் நீருக்கு அஞ்சாது, வெப்பத்துக்கு அஞ்சும். சோடியச் சோப்புக் கிரீஸோ நேர்மாறு. இரண்டையும் தாங்கும் லித்தியம் கிரீஸுக்கு அமெரிக்கர் கிளாரன்ஸ் எர்ல் 1942-இல் காப்புரிமை பெற்றார். கடைகளில் இன்று கிடைப்பதில் பெரும்பங்கு அந்த வகையே.

உங்கள் வண்டியைச் சோதித்துப் பாருங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டில் பாரை மெல்லத் திருப்புங்கள். நட்டநடுவில் ‘டக்’கென்று ஒரு பிடிப்புத் தெரிந்தால் பள்ளம் விழுந்துவிட்டது. அதை நட்டை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. இறுக்க இறுக்கக் குண்டு பள்ளத்தில் அழுந்தி உட்காரும், மெதுவாகப் போகும்போது வண்டி பாம்புபோல் நெளியும். அடுத்து, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. முன்பிரேக் பிடிக்கையில் தட்டும், வேகத்தில் கைப்பிடி உதறும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கழற்றிப் பூட்டும்போது மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, கப் நிறையப் புதுக் கிரீஸ் வையுங்கள். பழைய குண்டுகளோடு புதியவற்றைக் கலக்க வேண்டாம். ஃபிஷர் 1883-இல் பட்ட பாடு நினைவிருக்கட்டும். சர்வீஸ் நிலையத்தில் நீரைப் பீய்ச்சும் குழாயைக் கோன் செட்டுக்கு நேரே காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் கிரீஸ் வெளியேறி, நீர் உள்ளே தங்கிவிடும்.