ஆடாதிருக்கக் கொடுத்த பணம்: கண்டி மண்டபங்களுக்கு நுழைவுச்சீட்டு வந்த வழி

மாலை ஐந்து மணிக்குக் கண்டி வாவிக்கரையில் நடப்பவரின் காதில் பேருந்துகளின் இரைச்சலை மீறி ‘கெட்ட பெரய’ என்னும் மேளம் விழும். தலதா மாளிகையிலிருந்து அதிக தூரம் போகாமலே மூன்று மண்டபங்களைப் பார்த்துவிடலாம். கண்டியக் கலைச் சங்கத்தின் கலாசார நிலையம், கண்டி லேக் கிளப், மகாநுவர வை.எம்.பீ.ஏ. என்பவை அவை. மூன்றும் மாலை நேர நடனக் காட்சிக்குப் பெயர் பெற்றவை. வாசலில் சீட்டு வாங்கி உள்ளே போனால் ஏறக்குறைய ஒரு மணி நேர ஆட்டம். ஆறு மணி சுமாருக்கு அது முடியும். ஆறரைக்குத் தலதா மாளிகையில் மாலைப் பூசை தொடங்குவதால், வந்தவர்கள் அதையும் பார்த்துவிட்டு ஹோட்டலுக்குத் திரும்ப வசதியாக ஆட்ட நேரம் வைக்கப்பட்டிருக்கிறது.

மேலைநாட்டு நகரங்களின் சிறு இசைக்கூடங்களில் நடக்கும் ராக் கச்சேரிகளை ஆராய்பவர்கள் டிக்கட் விலையிலிருந்து பல செய்திகளைப் படித்தெடுக்கிறார்கள். வாசலில் சேரும் காசில் கூடத்துக்காரருக்கு எவ்வளவு, பாடுகிறவருக்கு எவ்வளவு, விலை ஏறும்போது யார் யார் வராமல் போகிறார்கள் என்பன அவற்றுள் சில. கண்டியில் அதே கேள்விகளைக் கேட்க ஏற்ற இடம் இந்த நடன மண்டபங்கள். ஆனால் இங்கே டிக்கட்டுக்குப் பின்னால் மிகப் பழைய கணக்கு ஒன்று கிடக்கிறது. காசு கைமாறாமலே நூற்றாண்டுக்கணக்கில் ஆட்டம் நடந்திருக்கிறது. பிறகு ஆட்ட ஊழியத்துக்கு அரசாங்க ஏட்டில் ரொக்க மதிப்பு எழுதப்பட்டபோது, அந்தப் பணத்தைக் கட்ட வேண்டியவர் ஆட்டக்காரராகவே இருந்தார். நுழைவுச்சீட்டின் வரலாற்றை அந்த ஏட்டிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

நிலமே கூலி

கண்டி இராச்சியத்தில் ஆட்டமும் மேளமும் இராஜகாரியத்தைச் சேர்ந்தவை. நிலத்தை உழுது உண்பவர் அதற்கு ஈடாக அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலைக்கோ ஊழியம் செய்ய வேண்டும். ஒருவருக்கு ஓடு வேய்தல், இன்னொருவருக்குச் சமையல், வேறொருவருக்கு மேளம் அடித்தல். ஊழியத்தோடு கட்டப்பட்ட நிலத் துண்டுக்குச் சிங்களத்தில் ‘பங்குவ’ என்று பெயர். நம்முடைய ‘பங்கு’ என்ற சொல்தான் அது. கண்டி வழக்கில் இப்படிப் பழகிய சொற்கள் நிறைய. 1739 முதல் 1815 வரை அங்கே ஆண்டவர்கள் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் வழியினர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அரண்மனைக்கென்று தனியாகக் கலைப் பிரிவுகள் இருந்தன. பாடுபவர்களின் கவிகார மடுவ, ஆடுபவர்களின் நெட்டும் இலங்கம ஆகியவற்றைப் பிரித்தானிய அதிகாரி ஜோன் டொய்லி தம் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். தாளமும் ஆட்டமும் பெரும்பாலும் பெரவா சாதியாரின் கையில் இருந்தன. கோயிலில் அவர்களது மேளம் ஒலிக்காமல் பூசை இல்லை. ஆனாலும் சமூகப் படிநிலையில் அவர்களுக்குத் தாழ்ந்த இடமே தரப்பட்டது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற நூல் நிலமும் கைவினையும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதை விரிவாகக் காட்டுகிறது. அவர் அந்த ஒழுங்கின் அழகில் மனம் ஒன்றியவர். அதன் சாதிப் பிடியை அவர் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

1815இல் கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். அரண்மனைக் கலைஞர்கள் புரவலரை இழந்தார்கள். கோயில் ஊழியம் மட்டும் நீடித்தது. 1832இல் இராஜகாரியத்தை ஒழித்தபோதும் விகாரை, தேவாலை நிலங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆக, முடியாட்சி போய்ப் பதினேழு ஆண்டுகள் கழிந்த பின்னரும், எசல மாதத்தில் பெரஹரா ஊர்வலம் வந்தால் பங்கு நிலம் வைத்திருந்த ஆட்டக்காரர் ஆடியே ஆக வேண்டும்.

இந்தக் கட்டை அவிழ்க்க வந்தது 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஊழிய நிலச் சட்டம். அதன்படி அமைந்த ஆணையம் கோயில் கிராமங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தப் பங்குக்கு என்ன ஊழியம், அந்த ஊழியத்துக்கு ஈடாக ஆண்டொன்றுக்கு எவ்வளவு பணம் என்று பதிவேடு எழுதியது. பரம்பரை உரிமையோடு பங்கு வைத்திருந்தவர் விரும்பினால் அந்தத் தொகையைக் கட்டிவிட்டு ஊழியத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். இலங்கை ரூபா, சதக் கணக்குக்கு 1872இல்தான் மாறியது. அந்தப் புதிய நாணயம் புழக்கத்துக்கு வந்த காலத்திலேயே ஆட்டத்துக்கும் ஏட்டில் விலை விழுந்துவிட்டது.

அந்தத் தொகையைப் பார்ப்பவர் தரவில்லை. ஆடாமல் இருப்பதற்காக ஆட்டக்காரர் தர வேண்டிய தொகை அது. இன்று மண்டப வாசலில் ஒருவர் சீட்டு வாங்கும்போது, அந்தப் பழைய விலை திசை மாறிக் கைமாறுவதாகவே நான் காண்கிறேன். கடமையாக இருந்த ஒன்று விற்கக்கூடியதாக மாற வேண்டுமானால், செய்ய மறுக்கும் உரிமை முதலில் வர வேண்டும். நுழைவுச்சீட்டைக் கலைக்கு நேர்ந்த இழுக்காகப் பேசுபவர்கள் உண்டு. பெரவா குடும்பத்தில் பிறந்த ஒருவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

பார்வையாளர் வந்த விதம்

காசு கொடுத்துப் பார்க்கும் கூட்டம் மூன்று வழிகளில் உருவானது. முதலாவது அரச விருந்தினர் வழி. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கண்டிக்கு வந்தபோது, எசல மாதம் கடந்து வெகுநாளாகியும் அவருக்காகப் பெரஹரா நடத்தினார்கள். 1954இல் இரண்டாம் எலிசபெத் அரசி வந்தபோதும் அப்படியே நடந்தது. திருவிழாவை நாள்காட்டியிலிருந்து கழற்றி விருந்தினர் வரும் நாளில் பொருத்தலாம் என்பது அதனால் நிலைப்பட்டது. இரண்டாவது வழி கடல் கடந்தது. 1880களில் ஜெர்மானிய விலங்குக் காட்சிக்காரர் கார்ல் ஹாகன்பெக் இலங்கையரையும் யானைகளையும் ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுபோய் வேலியிட்ட திடல்களில் காட்டினார். அங்கே டிக்கட் இருந்தது; மனிதர்களை விலங்குகளுக்கருகே நிறுத்தி விற்ற டிக்கட் அது. கண்டி நடனத்தின் சந்தை வரலாற்றில் இந்த அத்தியாயத்தை வெட்கத்தோடுதான் எழுத முடியும். மூன்றாவது, 1867இல் கண்டிக்கு வந்த இரயில். கொழும்பில் கப்பலிலிருந்து இறங்கியவர் அதே நாளில் மலைநகரத்தை எட்டிப் பார்க்க அது வழிசெய்தது. கண்டியக் கலைச் சங்கமும் 1882இல் இந்தச் சூழலில்தான் தோன்றியது.

சட்டம் பின்னால் வந்தது. 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பகிரங்க நிகழ்ச்சிகள் கட்டளைச் சட்டம் மேடைகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1946ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டம் நுழைவுக் கட்டணத்தின் மீது வரி விதிக்க உள்ளூராட்சி சபைகளுக்கு அதிகாரம் தந்தது. இதன் பிறகு டிக்கட் என்பது சபையின் வரிக்கணக்குக்கும் ஆதாரமாயிற்று. அச்சடித்த சீட்டுகளைச் சபையில் காட்டி முத்திரை வாங்கிய பின்னரே விற்பது வழக்கம்.

சுதந்திரத்துக்குப் பின் இன்னொரு வருமானமும் திறந்தது. நடனம் பாடசாலைப் பாடமானதும் பெரவா குடும்பத்து இளைஞர்கள் மாதச் சம்பளம் பெறும் ஆசிரியர்களானார்கள். ‘நடனமும் தேசமும்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டு சூசன் ரீட் 2010இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த மாற்றத்தை நுணுக்கமாகப் பின்தொடர்கிறது. பிற சாதியாரும் நடனத்துக்குள் வந்து சேர்ந்த கதையும் அதில் உண்டு.

ஒரு மணி நேரம்

விலையைவிடச் சீட்டு அதிகம் மாற்றியது நேரத்தை. கண்டி நடனத்தின் தாய்ச் சடங்கான கொஹொம்பா கங்காரிய இரவு முழுவதும் நடப்பது. அதன் ஆயத்தங்களையும் சேர்த்தால் நாள்கணக்காகும். தலையில் வெஸ் கிரீடம் தரிப்பது தீட்சை பெற்றவருக்கே உரிய உரிமை. மண்டபக் காட்சியிலோ வெஸ் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்து, மயில் நடனமும் ரபான் ஆட்டமும் வருகின்றன. கரையோரத் தாழ்நிலத்துச் சடங்குகளிலிருந்து எடுத்த முகமூடி ஆட்டமும் சேர்ந்துகொள்கிறது. இறுதியில் தீமிதிப்பு. தனித்தனி ஊர்களில் தனித்தனிக் காரணங்களுக்காக நடந்தவை ஒரே சீட்டின் கீழ் வரிசையாகின்றன.

இந்தச் சுருக்கத்தைப் பழிக்குமுன் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனையை நினைக்க வேண்டும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஈழத்து நாட்டுக்கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடியதை ஒன்றரை மணி நேர அளவுக்குச் செப்பனிட்டார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவை அப்படி உருவானவை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1956இல், அதே பல்கலைக்கழகத்தின் எதிரிவீர சரச்சந்திர சிங்கள மரபுக் கூத்திலிருந்து ‘மனமே’ நாடகத்தை ஆக்கியிருந்தார். வித்தியானந்தன் சுருக்கியபோது ஆட்டத்தைத் தெரிந்தவர்களும் ஆடியவர்களின் உறவினர்களும் அவையில் இருந்தார்கள். குறை சொல்ல ஆளிருந்தது. வாவிக்கரை மண்டபத்தில் பார்ப்பவர் மறுநாள் நுவரெலியாவுக்கோ தம்புள்ளைக்கோ போய்விடுவார். இரண்டும் சுருக்கங்களே என்றாலும் இந்த வேறுபாடு பெரிது.

விலையைக் கூர்ந்து பார்ப்போம். பயண வழிகாட்டி நூல்களில் காணும் கட்டணம் 2000களின் நடுவில் 300 ரூபா. 2010ஐ ஒட்டி அது 500 ஆகி, 2010களின் பிற்பாதியில் 1000 ஆயிற்று. 2023ஐ ஒட்டி 2000 ரூபா அளவை எட்டியது. பார்த்தால் ஏழு மடங்கு ஏற்றம். அவ்வக்காலத்து நாணய மாற்று விகிதத்தில் டொலராக்கினால் ஏறத்தாழ 3, நாலரை, ஆறரை, ஆறு என்று வருகிறது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிச் சரிந்ததே கடைசி இரட்டிப்புக்குப் பின்னாலுள்ள கதை. வெளிநாட்டாரின் பணப்பையில் இந்தக் கடைசி ஏற்றம் தெரியவே இல்லை. தேயிலைக் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் 2016 ஒப்பந்தத்தில் எல்லாக் கொடுப்பனவுகளும் சேர்த்து 730 ரூபா. 2021இல் 1000 ரூபா. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் அந்தக் கட்டணத்தில் மண்டபத்துக்குள் போக வேண்டுமானால், 2023இல் இரண்டு நாள் கூலியை வாசலில் வைக்க வேண்டும்.

அவருடைய ஊரில் ஆட்டம் இல்லாமலில்லை. மாசி மாதம் காமன் ஊன்றியதிலிருந்து எரிக்கும் நாள்வரை லயங்களின் முன்னால் ரதி, மதன் ஆட்டம் நடக்கும். டிக்கட் கிடையாது. வீட்டுக்கு இவ்வளவு என்று தண்டுவார்கள். தோட்டத் திருவிழாக்களுக்குச் சம்பளத்திலேயே சந்தா பிடித்துக்கொள்வதும் உண்டு. இதைச் சமத்துவம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. தப்பு அடிக்க யார் அழைக்கப்பட்டார், அவருக்கு எங்கே சோறு போடப்பட்டது என்று கேட்டால், கண்டிப் பெரவா மேளக்காரரின் கதை மொழி மாறி அங்கேயும் கிடைக்கிறது. வித்தியாசம், தப்படித்தவருக்குப் பங்கு நிலம்கூட இல்லை என்பதுதான். சி.வி. வேலுப்பிள்ளை 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பை வெளியிட்டு பாடல்களைக் காப்பாற்றினார். பாடியவர்களின், அடித்தவர்களின் கூலிக்கணக்கைத் தொகுக்கும் வேலை நம் ஆய்வாளர்களுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது.

இலவசமும் கட்டணமும் ஒரே திடலில் அருகருகே நின்றால் என்னாகும் என்பதை யாழ்ப்பாணம் அண்மையில் பார்த்தது. 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் நடந்த பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சியில் இரு பகுதிகளுக்கும் இடையிலிருந்த தடுப்பைக் கூட்டம் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. கண்டிப் பெரஹராவில் தடுப்பு வேறு விதமானது. வீதியோர நடைபாதையில் விடியலிலிருந்தே பாய் விரித்து அமர்ந்திருப்போர் காசில்லாமல் பார்க்கிறார்கள்; அவர்களுக்குப் பின்னால் கடைகளின் முகப்பிலும் ஹோட்டல் மாடிகளிலும் நாற்காலிகள் வெளிநாட்டாருக்கு விலைக்குப் போகின்றன. ஒரே ஆட்டக்காரர் இருவருக்காகவும் ஆடிச் செல்கிறார். நாற்காலிக் காசு கடைக்காரரிடமும் ஹோட்டலிடமும் சேர்கிறது.

மண்டபங்களின் வாழ்வு விமானங்களில் தொங்குகிறது. 1966இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 18,969 பேர். 1982இல் அந்தத் தொகை 4,07,230 ஆயிற்று. 1983 ஜூலைக்குப் பின் சரிந்து, 1987இல் 1,82,620 ஆகக் குறைந்தது. தமிழர் வீடுகளைக் கொளுத்திய கலவரம், மண்டபத்தில் வெஸ் கிரீடம் அணிந்து நின்றவரின் அன்றாட வருமானத்தையும் தொட்டிருக்கிறது. 2018இல் 23,33,796 என்ற, அதுவரை காணாத உச்சம். அடுத்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்பு. அதற்கடுத்த ஆண்டு கொவிட். 2021இல் வந்தவர்கள் 1,94,495 பேர் மட்டுமே. நாட்டின் நாணயத்தாள்களில் நடனக்காரர் உருவங்களை அச்சிட்டது 2010ஆம் ஆண்டு வரிசை. பத்தாண்டு கழித்து அந்தத் தாள்களே நடனக்காரர் கைக்கு வராமல் நின்றன.

2020இல் எல்லைகள் மூடியிருந்தபோது வாசற்காசுக்கு வழியில்லை. சீட்டு வாங்க வெளியூரார் எவரும் வரவில்லை. அவ்வாண்டு எசல பெரஹரா மட்டும் வழமைபோல் புறப்பட்டது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. நடைபாதையில் பாய்களோ கடை முகப்புகளில் நாற்காலிகளோ போடப்படவில்லை. யாரும் பார்க்காத வீதியில், தேவாலைகளின் ஊழியத்துக்கென்று வந்த மேளக்காரர்களும் ஆட்டக்காரர்களும், தங்கள் முன்னோரின் பங்குகளோடு சேர்ந்து எழுதப்பட்ட அந்தக் கடமையை யானைகளுக்கு முன்னால் ஆடி முடித்தார்கள்.