பாடம் வீட்டில், பரீட்சை போதகரிடம்

1686ஆம் ஆண்டு ஸ்வீடன் மன்னர் பதினோராம் கார்ல் ஒரு திருச்சபைச் சட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுத்து, கேள்வி-பதிலாக அமைந்த விசுவாசப் பாடமான ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்யவைப்பது வீட்டுத் தலைவரின் பொறுப்பு. சொல்லித்தந்தாரா இல்லையா என்று பரிசோதிப்பது போதகரின் பொறுப்பு. ஊர்தோறும் பள்ளிக்கூடம் என்ற சட்டம் வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது.

இந்த ஏற்பாட்டின் வேர் திருச்சபைச் சீர்திருத்தவாதி லூத்தரிடம் இருக்கிறது. சாக்சனியில் சபைகளைச் சுற்றிப் பார்த்தவர், ஜனங்களுக்குப் பத்துக் கட்டளைகூடத் தெரியவில்லையே என்று நொந்துபோய் 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். முதலில் அது சுவரில் ஒட்டும் தாள்களாக வந்தது. வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லித்தர வேண்டிய முறை இது என்ற குறிப்போடுதான் அதன் பகுதிகள் தொடங்கும். கற்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களுக்குச் சாப்பாடு தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று முன்னுரையில் பெற்றோருக்கும் எஜமானர்களுக்கும் யோசனை வேறு சொல்கிறார். இதமாகப் பேசும் ஆள் அல்ல அவர்.

ஸ்வீடனில் இந்தப் பரீட்சைக்கு ‘ஹூஸ்ஃபோர்ஹோர்’ என்று பெயர். வீட்டு விசாரணை என்று வைத்துக்கொள்ளலாம். சபையைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பண்ணை வீட்டில் எல்லாரும் கூடுவார்கள். பண்ணைக்காரர், மனைவி, பிள்ளைகள், மாட்டுக்காரப் பையன், வேலைக்காரப் பெண் என யாருக்கும் விலக்கில்லை. போதகர் புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொல்வார். பிறகு மனப்பாடம், அதன்பின் பொருள். ஞானோபதேசத்துக்கு ஸ்வெபீலியஸ் என்பவர் எழுதி 1689இல் வந்த விளக்க நூலிலிருந்தும் கேள்விகள் பாயும். தடித்த பேரேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே வாசிப்புக்கு ஒரு கட்டம், மனப்பாடத்துக்கு ஒரு கட்டம், புரிதலுக்கு ஒரு கட்டம். தேறியதற்குத் தக்கபடி அவற்றில் கோடுகளும் புள்ளிகளும் விழும். பரீட்சை முடிந்ததும் அந்த வீட்டிலேயே விருந்து நடக்கும். பயத்தில் வந்தவர்கள் வயிறு நிறைந்து வீடு திரும்புவார்கள்.

சட்டம் அப்பாவைப் பொறுப்பாக்கியதே தவிர, பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். அரிச்சுவடியில் சேவல் படம் இருக்கும். பிள்ளை நன்றாகப் படித்த நாளில், ராத்திரி அந்தச் சேவல் பக்கங்களுக்கு நடுவே காசு இட்டுப் போகும் என்பது வீட்டு நம்பிக்கை. காசு வைத்தது யார் என்று பிள்ளைக்கு ஒருநாள் தெரிந்திருக்கும். அதற்குள் எழுத்து கூட்டப் பழகியிருக்கும். அரசர் போட்ட சட்டத்தைவிட இந்தச் சேவல் அதிகம் சாதித்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இதை வீடும் போதகரும் சேர்ந்த கூட்டு முயற்சி என்று சொல்லலாம். ஆனால் கேள்வி எப்போதும் ஒரு தரப்பிலிருந்தே வந்தது, குச்சியும் அந்தத் தரப்பிடமே இருந்தது. ஞானோபதேசம் தெரியாதவருக்குத் திருவிருந்து கிடையாது, கல்யாணமும் கிடையாது. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டுமென்றால் முதலில் பாடம் ஒப்பிக்க வேண்டும். 1809 வரை ஸ்வீடனோடு இருந்த பின்லாந்திலும் இதே கதை. 1870இல் வெளிவந்த அலெக்சிஸ் கிவியின் ‘ஏழு சகோதரர்கள்’ நாவலில், வளர்ந்து ஆளான ஏழு அண்ணன் தம்பிகள் கோயில் உபாத்தியாரிடம் எழுத்துப் படிக்கப் போய்த் திணறுகிறார்கள். பட்டினி போட்டு அறையில் பூட்டிவைக்க, ஜன்னல் வழியே தப்பி ஓடுகிறார்கள். பின்லாந்துக்காரர்கள் இன்றும் சிரித்து ரசிக்கும் கட்டம் இது.

விளைவு விசித்திரமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் ஸ்வீடன் கிராமங்களில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள்; எழுதத் தெரிந்தவர்களோ சொற்பம். ஞானோபதேசத்துக்கு வாசிப்பு போதும் அல்லவா? ஆனால் வாசிக்கத் தெரிந்தவர் எங்கே நிறுத்துவார்? வேதத்தைத் தாங்களே படித்துத் தாங்களே பொருள் சொல்லத் தொடங்கினார்கள். போதகர் இல்லாமல் அக்கம்பக்கத்தார் கூடி ஜெபம் செய்வதை 1726இல் ஓர் ஆணை தடை செய்திருந்தது. சொந்த வீட்டாரோடு குடும்ப ஜெபம் செய்வது கடமை; பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டால் குற்றம்! ஸ்வீடனின் வடக்கே ‘வாசகர்கள்’ என்றே ஓர் இயக்கம் கிளம்பியது. 1844இல் எரிக் யான்சன் என்பவர், வேதம் ஒன்றே போதும் என்று சொல்லி லூத்தரின் நூல்களையே தீயிலிட்டார். இரண்டு வருடம் கழித்துத் தம் ஆட்களோடு அமெரிக்காவின் இல்லினாய்க்குக் குடியேறினார். அந்த ஜெபத் தடை 1858இல்தான் நீங்கியது.

இதே சிறிய ஞானோபதேசம் தமிழுக்கும் வந்தது. 1706இல் டென்மார்க் அரசர் அனுப்பித் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க் அதைத் தமிழாக்கினார். இங்கே நிலைமை நேரெதிர். பெற்றோரே புதிதாகச் சபைக்கு வந்தவர்கள், அல்லது வராதவர்கள். வீட்டை நம்ப வழியில்லாததால் பள்ளிக்கூடம் முந்திக்கொண்டது. உபதேசியார் என்றொருவர் ஊர் ஊராக நடந்து, ஸ்வீடனில் அப்பா அம்மா செய்த வேலையைச் செய்தார்.

ஸ்வீடனில் 1842இல் மக்கள் பள்ளிச் சட்டம் வந்ததும் பெற்றோரின் வேலை மெல்ல ஆசிரியருக்குக் கைமாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வீட்டு விசாரணையின் கட்டாயமும் போனது. 1919ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்திலிருந்து லூத்தரின் ஞானோபதேசமே நீக்கப்பட்டது. தரங்கம்பாடி வழிவந்த சபைகள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று அமைந்ததும் அதே 1919இல். அதன் முதல் பேராயர் ஹேமன் ஒரு ஸ்வீடன்காரர்.

போதகர்கள் கோடு கிழித்த பேரேடுகள் மட்டும் ஸ்வீடனின் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. பிறப்பு, குடிபெயர்வு, அம்மை கண்டதா, அம்மை குத்தியதா என்பதெல்லாம் அவற்றில் இருப்பதால், மக்கள்தொகை ஆய்வாளர்களுக்கும் அமெரிக்காவிலிருந்து வேர் தேடி வரும் பேரப்பிள்ளைகளுக்கும் அவை முதல் ஆதாரம். கொள்ளுப்பாட்டி எந்த ஊர் என்று பார்க்க வந்தவர்கள், அவர் ஞானோபதேசத்தில் தேறினாரா என்பதையும் சேர்த்தே தெரிந்துகொண்டு போகிறார்கள்.