வலை அணுகல் நுட்பங்களும் காப்புரிமையும்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பார்வை மாற்றுத்திறனாளிகள் வலைப்பக்கங்களைப் படிக்க உதவும் நுட்பங்கள் அமெரிக்காவில் காப்புரிமைக்கும் வழக்கிற்கும் உள்ளாயின. இந்தியச் சட்டம் வேறு வழியில் சென்றது. ஆயினும் தமிழ்ப் பயனாளர்க்கு வலை எளிதில் திறக்கவில்லை. அதன் காரணங்களைப் பன்மொழி வழங்கும் ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காப்புரிமை, திரைபடிப்பான், வலை அணுகல், ஒருங்குறி, பன்மொழிச் சூழல்

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லையோரத்தில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை தேடும் ஒருவர் நிறுவன அறிவிப்பை ஆங்கிலத்திலும், அரசாணையைத் தமிழிலும், பெங்களூருச் செய்தியைக் கன்னடத்திலும் வலைவழியே எதிர்கொள்ளக்கூடும். பார்வையுடையோர் எழுத்தின் வடிவைக் கண்டே மொழி மாறியதை அறிவர். பார்வையற்றவர்க்கு அதனைத் திரையிலுள்ளதைக் குரலாக்கும் திரைபடிப்பான் உணர்த்தியாக வேண்டும். அக்கருவியின் நுட்பங்கள் யாருடைய உடைமை என்னும் வினா இங்கிருந்தே எழுகிறது.

1. காப்புரிமையான பக்கக்குறி

ஜப்பானில் சியெகோ அசகாவா உருவாக்கிய ஹோம் பேஜ் ரீடர் என்னும் வலைபடிப்பானை ஐ.பி.எம். நிறுவனம் 1997இல் வெளியிட்டது. டெட் ஹென்டர் தொடங்கிவைத்த ஜாஸ் என்னும் திரைபடிப்பான், 2000இல் உருவான ஃப்ரீடம் சயின்டிஃபிக் நிறுவனத்தின் உடைமையாயிற்று. நீண்ட வலைப்பக்கத்தைக் காதால் கேட்டுச் செல்பவர், தாம் நின்ற இடத்திற்கு மீண்டும் வர ஓர் அடையாளம் வேண்டும். அத்தகைய பக்கக்குறி நுட்பத்திற்கு 2006 சனவரியில் 6,993,707 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமையை அந்நிறுவனம் பெற்றது. 2008 சூலையில் அதனை முன்வைத்து, விண்டோ-ஐஸ் என்னும் திரைபடிப்பானை வெளியிட்ட ஜி.டபிள்யூ. மைக்ரோ மீது வழக்குத் தொடுத்தது. அச்சு நூலில் வாசகர் விரலிடுக்கில் பிடித்துக்கொள்ளும் பக்கத்திற்கு நிகரான வசதி, வலையில் தனியுடைமைக்குரிய பொருளாயிற்று. பின்னர் 2016இல் ஃப்ரீடம் சயின்டிஃபிக் அடங்கிய வி.எஃப்.ஓ. குழுமம், விண்டோ-ஐஸை வைத்திருந்த நிறுவனத்தை வாங்கியது. 2017இல் விண்டோ-ஐஸ் விற்பனை நிறுத்தப்பட்டது.

இதற்கு எதிரான போக்கும் அக்காலத்திலேயே தோன்றியது. 2004 பிப்ரவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம், தன் தரநிலைகளுக்கு இன்றியமையாத காப்புரிமைகளை உரிமத்தொகையின்றி வழங்குமாறு பங்கேற்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் கொள்கையை ஏற்றது. 2008 திசம்பரில் வெளியான வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பு இக்கொள்கையின் கீழ் அமைந்தது.

2. இந்தியச் சட்டத்தின் வழி

காப்புரிமை நாட்டெல்லைக்குட்பட்டது. எனவே அமெரிக்கக் காப்புரிமை ஓசூரிலோ பெங்களூரிலோ செல்லாது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் (1970) 2002ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பிரிவு 3(கே), கணினி நிரலைத் தன்னளவில் காப்புரிமைக்கு உரியதாகக் கொள்வதில்லை. 2004 திசம்பர் அவசரச் சட்டம் இவ்விலக்கைச் சுருக்க முயன்றது. 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அம்மாற்றத்தைக் கைவிட்டது. எனினும் கதவு முற்றாக அடைபடவில்லை. தொழில்நுட்ப விளைவுடைய கண்டுபிடிப்பு கணினி நிரல் சார்ந்தது என்பதாலேயே விலக்கப்படலாகாது என்று ஃபெரித் அல்லானி வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2019இல் கூறியது.

3. காப்புரிமை சாராத பூட்டுகள்

காப்புரிமைத் தடை குறைந்திருந்தும் தமிழ் வலை வாய்திறக்கத் தாமதித்தது ஏன்? முதற்காரணம் குறியாக்கம். ஒருங்குறிக்கு முந்தைய வலைப்பக்கங்கள் பலவகை எழுத்துருக் குறியாக்கங்களைக் கொண்டிருந்தன. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றியது திரைபடிப்பானுக்குப் பொருளற்ற அயல் எழுத்துத் தொடராயிற்று. தமிழ்நாடு அரசு 2010இல்தான் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இரண்டாவது காரணம் விலை. வணிகத் திரைபடிப்பானின் உரிமக் கட்டணம் பதிப்புரிமை சார்ந்தது. பிரிவு 3(கே) அதனைத் தொடாது. மூன்றாவது காரணம் தமிழ்க்குரல் இன்மை.

சிறிய சந்தைக்குரிய நுட்பத்தில் முதலீட்டை ஈர்க்கக் காப்புரிமை தேவை என்பர். தமிழைப் பொறுத்தவரை இவ்வாதம் வலுப்பெறவில்லை. பார்வையற்ற நிரலாளரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ., கட்டற்ற மென்பொருளாக விலையின்றிக் கிடைத்தது. ஈஸ்பீக் என்னும் கட்டற்ற குரற்பொறி அதற்குத் தமிழொலி தந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் தலைமையிலான ஆய்வகம் தமிழ், கன்னடம் ஆகிய இரு மொழிகளுக்கும் எழுத்துணரியையும் எழுத்து–பேச்சு மாற்றியையும் உருவாக்கியது. தமிழ்க்குரலை வளர்த்தவை பெரிதும் பொதுநிதி ஆய்வும் தன்னார்வ உழைப்புமே.

எல்லைப்பகுதிக்கு இன்னொரு தேவையும் உண்டு. பக்கத்தின் மொழியையும் இடையே மாறும் பகுதியின் மொழியையும் நிரலில் குறிக்குமாறு மேற்கூறிய வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன. அக்குறிப்பைக் கொண்டே திரைபடிப்பான் தமிழ்க்குரலிலிருந்து கன்னடக் குரலுக்கு மாற இயலும். இதற்குக் காப்புரிமையும் தேவையில்லை, பெருஞ்செலவும் இல்லை. பக்கத்தை அமைப்பவரின் கவனம் போதும்.

முடிவுரை

காப்புரிமை ஒரு வசதியைப் பூட்டக்கூடும் என்பதை 2008ஆம் ஆண்டு வழக்கு காட்டுகிறது. காப்புரிமை இல்லாமை மட்டுமே எதையும் திறந்துவிடாது என்பதைத் தமிழின் வரலாறு காட்டுகிறது. மின்னணு அணுகலை வாழ்வுரிமையின் கூறாக உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. இக்கடமை கல்வியுலகிற்கும் உரியது. வருடிய படிமமாக வலையேற்றப்படும் ஆய்வுக்கட்டுரை, பார்வையற்ற ஆய்வாளரின் திரைபடிப்பானுக்கு வெற்றுத் தாளே. அதனை ஒருங்குறி உரையாக வெளியிட யாருடைய உரிமமும் வேண்டியதில்லை.